மையில் சாம்பல் நிறம் இல்லை

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டுச் சமையலறையில் உள்ள எவர்சில்வர் டம்ளரை இருபது முறைக்கு மேல் வரைந்த பிறகுதான், அதன் அடிவிளிம்பு நேர்கோடு அல்ல என்பது எனக்குப் புரிந்தது. மேசைமேல் இருக்கும் டம்ளரை நாற்காலியில் அமர்ந்து பார்க்கும்போது அதன் வாய் நீள்வட்டமாகத் தெரிகிறது. கண்மட்டத்துக்குக் கீழே இறங்க இறங்க அந்த நீள்வட்டம் விரிந்துகொண்டே போவதால், அகலத்தோடு ஒப்பிட்டால் அடிவிளிம்பு வாய்விளிம்பைவிடக் கூடுதலாக வளைந்திருக்க வேண்டும். டம்ளர் தட்டையாக நிற்கிறது என்ற நினைப்பில் என் கை ஒவ்வொரு முறையும் அங்கே நேர்கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தது.

அதைச் சுட்டிக்காட்டியவர் எங்கள் தெருவில் வசிக்கும் பெரியவர். தொழிற்சாலை ஒன்றில் வரைபடங்கள் வரையும் டிராப்ட்ஸ்மேனாக முப்பது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர். "தெரிஞ்சதை வரையறீங்கம்மா, தெரியறதை வரையுங்க" என்றார். அறிவதற்கும் கண்ணில் படுவதற்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் நம் மொழியில்தான் இதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல முடியும் என்று தோன்றியது.

முதல் ஓராண்டு பென்சில் மட்டுமே. கிராஃபைட் தூளோடு களிமண் கலந்து சுடும் முறைக்கு 1795-இல் பிரான்சில் நிகோலா ஜாக் கான்டே காப்புரிமை பெற்றார். இன்றும் களிமண் கூடினால் கடினமான எச் ரகப் பென்சில், கிராஃபைட் கூடினால் கறுத்த பி ரகம், இரண்டுக்கும் நடுவே எச்பி. இது தெரியாமல் எச்பி ஒன்றையே அழுத்தி அழுத்திக் கறுப்பாக்க முயன்றேன். அழுத்திய கோட்டை ரப்பரால் அழித்தாலும் தாளில் விழுந்த பள்ளம் அப்படியே இருக்கும். நிழலுக்கு 4பி, 6பி என்று மாற்றிக்கொண்ட பிறகே கை இளகியது.

மைக்கு மாறியபோது ஓர் இழப்பு நேர்ந்தது. எந்தப் பேனாவுக்கும் ஆகும் என்று கடைக்காரர் ஒருவர் சொல்லிக் கொடுத்த கறுப்பு மையை, அப்பா எனக்குத் தந்த மைப்பேனாவில் நிரப்பினேன். அது அரக்குக் கலந்த மை. உலர்ந்தால் நீரில் கரையாது என்பதால் அதன்மேல் வாட்டர்கலர் பூசலாம். அதே காரணத்தால் மைப்பேனாவின் நுண்ணிய குழாயில் இறுகி அதை அடைத்தும் விடும். ஒரு வாரம்கூட ஓடவில்லை, பேனா நின்றுபோனது. வெந்நீரில் ஊறவைத்தும் மீளவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. இப்போது அந்த மையைத் தொட்டு எழுதும் கட்டைப்பேனாவில் மட்டுமே பயன்படுத்தி, முடித்ததும் நிப்பைக் கழுவித் துடைத்து வைக்கிறேன். நிப்பை நம் பக்கம் இழுக்க வேண்டும். மேல்நோக்கித் தள்ளினால் தாளின் நாரில் சிக்கி மை தெறிக்கும்.

பென்சிலில் அழுத்தத்தைக் குறைத்தாலே சாம்பல் நிறம் வந்துவிடும். மையில் அது கிடையாது. கறுப்புக் கோடு, நடுவே விட்ட வெள்ளை இடைவெளி, அவ்வளவுதான். கோடுகள் நெருங்கினால் நிழல் அடர்கிறது, விலகினால் வெளுக்கிறது. சாம்பல் நிறத்தைத் தருவது கோடுகளுக்கிடையே மிஞ்சும் தாளின் வெள்ளை என்பதை ஏற்றுக்கொள்ள எனக்குப் பல மாதங்கள் ஆயின. ஆனந்த விகடனில் ஓவியர் சில்பி வரைந்த கோயில் சிற்பங்களைச் சிறு வயதில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். இப்போது பழைய பக்கங்களைப் புரட்டும்போது, வெளிச்சம் பட்ட கல்லின் தோளில் அவர் எதையும் வரையாமல் விட்டிருக்கும் இடத்தில்தான் என் கண் நிற்கிறது.

எங்கள் ஊர் லால்பாக் தோட்டத்திலுள்ள பாறையில் இதை நேரடியாகக் கற்றேன். 300 கோடி ஆண்டுப் பழமை கொண்டதாகச் சொல்லப்படும் அந்தப் பாறையின் முழுப் பரப்பிலும் கோடு நிரப்பியபோது, உச்சிவெயிலில் கண்ணைக் கூசவைத்த கல் தாளில் மழைமேகமாக இருண்டுவிட்டது. அடுத்த வாரம், பாறை வளைந்து நிழலுக்குள் திரும்பும் விளிம்பிலும் அதன்மேல் நிற்கும் கெம்பே கௌடா கோபுரத்தின் இருண்ட பக்கத்திலும் மட்டும் கோடு போட்டேன். மீதியைத் தொடவில்லை. அப்போது பாறையில் வெயில் இருந்தது.

நீண்ட கோடுகளுக்கு இன்னும் பயிற்சி வேண்டும். நிப்பின் முனையைப் பார்த்தபடி இழுத்தால் கோடு நடுங்குகிறது; முடிய வேண்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டு தோளிலிருந்து கையை நகர்த்தினால் ஒழுங்காக வருகிறது. சிக்குக் கோலம் போடும் அம்மா விரலைப் பார்ப்பதே இல்லை, அடுத்த புள்ளியைத்தான் பார்க்கிறார். நாற்பது ஆண்டுகள் வாசலில் பார்த்த இந்தக் காட்சியை நான் தாளுக்குக் கொண்டுவர இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

இப்போது லால்பாகிலுள்ள பெரிய இலவ மரத்தை வரைந்துகொண்டிருக்கிறேன். ஆள் மறையும் அளவுக்கு உயர்ந்த அதன் பலகை வேர்களுக்கு இடையே காலை எட்டு மணிக்கு நிழல் ஆழமாக விழுகிறது. ஒன்பதரைக்கெல்லாம் அது நகர்ந்துவிடுவதால் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வேர்தான் முடிகிறது. வலப்பக்கத்து மூன்று வேர்களுக்கு மை போட்டாயிற்று. இடப்பக்கம் இன்னும் பென்சிலில்தான் இருக்கிறது, போன வாரம் மேகமூட்டம்.