ஆற்றுக்காகச் சிறை சென்ற மருத்துவர்

மழைநீரில் ஒரு துளியேனும் பயன்படாமல் கடலைச் சேரலாகாது என்ற, பண்டைய இலங்கையை ஆண்ட பராக்கிரமபாகு மன்னனின் வாக்கை எழுதாமல், எங்கள் கல்லூரியின் புவியியல் வகுப்பில் எவரும் நல்ல புள்ளி பெற்றதில்லை. ஆற்றை மறித்து அணை கட்டுவதே அபிவிருத்தி என்று கற்று அவுஸ்திரேலியாவுக்கு வந்த என்னை மறுபக்கத்தையும் எண்ண வைத்தவர், இந்நாட்டுப் பசுமைக் கட்சியின் தலைவராக இருந்த பொப் பிரவுண்.

சிட்னிப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கற்ற அவர், 1972 இல் தஸ்மேனியாவுக்குச் சென்று லோன்செஸ்டன் நகரில் குடும்ப மருத்துவரானார். அதே ஆண்டிலேதான் அத்தீவின் பெடர் ஏரி நீர்மின் திட்டத்துக்காக மூழ்கடிக்கப்பட்டது. அடுத்து அணை வரவிருந்த பிராங்ளின் ஆற்றில் 1976 இல் நண்பர் ஒருவருடன் சிறு படகில் பயணம் செய்த பிறகு, அவருடைய வாழ்க்கையின் திசையே மாறிற்று.

1982 டிசம்பர் 14 இல் அணை வேலையைத் தடுக்கும் மறியல் தொடங்கியது. ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்டோர் கைதாகினர். பிரவுண் 19 நாட்கள் றிஸ்டன் சிறையில் இருந்தார். விடுதலையான மறுநாளே, பதவி விலகிய உறுப்பினர் ஒருவரின் இடத்துக்கு, முந்திய தேர்தலின் வாக்குகளை மீள எண்ணும் அம்மாநில முறைப்படி, தஸ்மேனியச் சட்டசபை உறுப்பினரானார். சிறையிலிருந்து சட்டசபைக்கு ஒரே நாள் இடைவெளி என்பதை முதன்முதல் வாசித்தபோது என்னால் நம்ப முடியவில்லை. 1983 மார்ச்சில் பொப் ஹோக்கின் தொழிற்கட்சி மத்தியில் ஆட்சிக்கு வந்து, உலக மரபுரிமை உடன்படிக்கையை ஆதாரமாகக் கொண்டு அணையைத் தடுக்கச் சட்டம் இயற்றியது. மாநில அரசு அதை எதிர்த்து வழக்காடியது. ஜூலை 1 இல் உயர் நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் மத்திய அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. ஒரேயொரு நீதிபதியின் கருத்து மாறியிருந்தாலும் அந்தப் பள்ளத்தாக்கு இன்று நீருக்கடியில் கிடந்திருக்கும்.

1996 இல் அவர் மத்திய நாடாளுமன்றத்தின் மேலவையான செனற் சபைக்குத் தெரிவானார். 2001 இல், கடலில் மீட்கப்பட்ட அகதிகளுடன் வந்த டம்பா கப்பலை அரசு தடுத்தபோது, இரு பெருங்கட்சிகளும் கடுமை காட்டிய வேளையில் அவர் அகதிகளின் பக்கம் நின்று பேசினார். அகதியாக வந்தவர்கள் நிறைந்த எம் சமூகம் அதை மறக்கலாகாது. ஆயினும், 2009 இல் தொழிற்கட்சி கொண்டுவந்த கரியமில வாயுக் குறைப்புத் திட்டம் போதாது என்று அவருடைய கட்சி எதிர்த்து வாக்களித்ததில் எனக்கு இன்றும் உடன்பாடில்லை. 2010 இல் ஜூலியா கில்லாட்டின் சிறுபான்மை அரசுக்கு ஆதரவளித்து அவர்கள் பெற்ற, வெளியிடும் கரியமில வாயுவுக்கு நிறுவனங்கள் பணம் செலுத்தவேண்டிய கரியமில விலைத் திட்டம் 2012 ஜூலையில் நடைமுறைக்கு வந்து, 2014 இல் அடுத்த அரசால் நீக்கப்பட்டது. அதற்கு முன்பே, 2012 இல், பிரவுண் தலைமையிலிருந்தும் செனற் சபையிலிருந்தும் விலகியிருந்தார்.

சில ஆண்டுகளுக்கு முன் லயல் நெடுஞ்சாலையில் பிராங்ளினைக் கடக்கும் பாலத்தில் வண்டியை நிறுத்தி இறங்கினேன். தேயிலைச் சாயம் போன்ற பழுப்பு நிறத்தில் ஆறு மேற்கு நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. புவியியல் ஆசிரியர் பக்கத்தில் நின்றிருந்தால், அபிவிருத்தி என்றால் என்ன என்ற கேள்விக்கான விடையை அவரிடம் மீண்டும் எழுதிக் காட்டியிருப்பேன்.