பழைய சியாஸ் ஸ்மார்ட் ஹைபிரிட்: அட்வான்ஸ் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

பழைய கார் சந்தையில் மைல்டு ஹைபிரிட் (இன்ஜினுக்கு ஒரு சின்ன மோட்டார் துணை நிற்கும்) செடான் தேடினால் பெரும்பாலும் கண்ணில் படுவது மாருதி சியாஸ்தான். "ஹைபிரிட் வேலை செய்யாவிட்டால் என்ன, சாதா காராக ஓட்டிக்கொள்ளலாம் சார்" என்று புரோக்கர்கள் சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம். சாதா காரில் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் இந்தக் காரில் தனியாகக் கிடையாது. பேட்டரியைச் சார்ஜ் செய்வது, சிக்னலில் நின்ற இன்ஜினை மறுபடி கிளப்புவது, ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது இன்ஜினுக்குக் கைகொடுப்பது எல்லாவற்றையும் பெல்ட்டில் சுற்றும் ஐஎஸ்ஜி என்ற ஒரே யூனிட்தான் பார்க்கிறது. அது போனால் சார்ஜும் போகும். பேட்டரியில் இருக்கிற தெம்பு தீர்ந்ததும் கார் நடுரோட்டில் நின்றுவிடும்.

முதலில், அது ஹைபிரிட்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். 2014-ல் வந்த 1.4 பெட்ரோலில் இந்த அமைப்பே இல்லை. 1.3 டீசலில் 2015 செப்டம்பரில் வந்தது. 2018 ஆகஸ்டில் வந்த 1.5 பெட்ரோலில் எல்லா வேரியன்ட்டிலும் உண்டு. 2019-ல் வந்து ஒரு வருடம் மட்டுமே விற்ற 1.5 டீசலில் கிடையாது. டீசல் ஹைபிரிட்டில் இருப்பது பெரிய லெட் ஆசிட் பேட்டரி ஒன்று. 1.5 பெட்ரோலில் அதோடு 12 வோல்ட் லித்தியம் பேட்டரி ஒன்றும் முன் இடது சீட்டுக்கு அடியில் இருக்கும். எதுவுமே மோட்டாரில் மட்டும் ஓடாது.

பெட்ரோல் கார் என்றால் நேரில் போகும் முன்பே சேஸிஸ் நம்பரைக் கேட்டு வாங்குங்கள். எம்ஏ3 என்று தொடங்கி 17 எழுத்து, எண்கள் இருக்கும். ஆர்சி புத்தகத்திலேயே கிடைக்கும். இந்த ஐஎஸ்ஜியைத்தான் கம்பெனி எம்ஜியூ என்று குறிப்பிட்டு இரண்டு முறை ரீகால் செய்திருக்கிறது, அதாவது சோதிக்கவும் தேவைப்பட்டால் மாற்றவும் கார்களைத் திரும்ப அழைத்திருக்கிறது. 2019 டிசம்பரில் அறிவித்தது 63,493 கார்களுக்கு. 2019 ஜனவரி 1 முதல் நவம்பர் 21 வரை தயாரான சியாஸ், எர்டிகா, எக்ஸ்எல்6 அதில் அடக்கம். 2021 செப்டம்பரில் அறிவித்தது 1,81,754 கார்களுக்கு. 2018 மே 4 முதல் 2020 அக்டோபர் 27 வரை தயாரானவை. 2019-ல் தயாரான கார் இரண்டிலுமே வரலாம். "சர்வீஸில் பார்த்துவிட்டார்கள்" என்ற வாய்ச்சொல் போதாது. சர்வீஸ் சென்டரில் சேஸிஸ் நம்பரைக் கொடுத்து, யூனிட்டைச் சோதித்து மட்டும் விட்டார்களா, மாற்றினார்களா என்று ஹிஸ்டரியில் பாருங்கள். யூனிட் மாற்றிய கார் என்றால் தயங்க வேண்டாம், அது நல்லதுதான்.

காரைப் பார்க்கப் போகும்போது இன்ஜின் ஆறியிருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பானெட்டில் கை வைத்துச் சூடு தெரிந்தால் காத்திருங்கள். ஸ்டார்ட் செய்யும் முன் மல்டிமீட்டரைப் பேட்டரியில் வையுங்கள். இரவு முழுக்க நின்ற காரில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.4 பரவாயில்லை, 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. ஸ்டார்ட் ஆகும் கணத்தில் 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசலாம். பேட்டரி லேபிளையும் படியுங்கள். செலவைக் குறைக்கச் சாதா பேட்டரி போட்டிருப்பார்கள். ஸ்டாப்-ஸ்டார்ட்டுக்கென்று வரும் பேட்டரி இல்லாவிட்டால் அது சீக்கிரம் களைத்துவிடும். நெகட்டிவ் முனையில் ஹாரன், ஆம்ப்ளிஃபயர் என்று கூடுதல் வயர்களை நேரடியாக முறுக்கியிருந்தால் பேட்டரி சார்ஜை அளக்கும் சென்சாரின் கணக்கு தப்பும். அந்த எர்த் எல்லாம் பாடியில் இருக்க வேண்டும்.

இன்ஜின் ஓடும்போது 12.8 வோல்ட் மட்டும் காட்டினால் "ஆல்டர்னேட்டர் போச்சு" என்று உள்ளூர் மெக்கானிக் சொல்லக்கூடும். இந்த அமைப்பு தேவையைப் பார்த்துத்தான் சார்ஜ் செய்யும். ஓட்டிக்கொண்டே போய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். அப்போது 14-ஐத் தாண்டி ஏறினால் யூனிட் வேலை செய்கிறது. லைட்டர் சாக்கெட்டில் செருகும் சின்ன வோல்ட் மீட்டரே இதற்குப் போதும்.

நின்றதும் இன்ஜின் தானாக அணையும் ஐடில் ஸ்டாப் வசதியைச் சோதிக்கத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். டாஷ்போர்டில் அதை அணைக்கும் பட்டன் அழுத்தியிருந்தால் மறுபடி அழுத்தி ஆன் செய்துவிட்டு, 15 முதல் 20 நிமிடம் ஓட்டுங்கள். சீட் பெல்ட் போட்டிருக்க வேண்டும், பானெட் சரியாக மூடியிருக்க வேண்டும், ஏசியைக் குறைத்து வையுங்கள். நின்றதும் நியூட்ரலுக்கு வந்து கிளட்சிலிருந்து காலை எடுத்தால் இன்ஜின் அணைய வேண்டும். ஆட்டோமேட்டிக்கில் பிரேக்கை மிதித்து நின்றாலே அணையும். ஒரே ஒரு முறை அணையவில்லை என்றால் கவலைப்பட வேண்டாம். இத்தனையும் சரியாக இருந்து ஐந்தாறு முறை நின்றும் அணையவே இல்லை என்றால் முதல் சந்தேகம் பேட்டரி, அடுத்தது லித்தியம் பேக். "நாங்களே ஆஃப் பண்ணி வச்சிருக்கோம்" என்று சொன்னால் உங்கள் முன்னாலேயே ஆன் செய்து காட்டச் சொல்லுங்கள்.

மறுபடி கிளம்பும் சத்தத்தைக் கவனியுங்கள். காலை முதல் ஸ்டார்ட்டுக்கு வழக்கமான ஸ்டார்ட்டர் மோட்டார் கர்ரென்று சுற்றும். சிக்னலில் கிளம்பும்போது பெல்ட் வழியாகச் சத்தமில்லாமல் கிளம்ப வேண்டும். அப்போது கீச்சென்று இழுத்தால் பெல்ட் பளபளத்துப் போயிருக்கும், அல்லது அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தளர்ந்திருக்கும். சாதா காரில் பெல்ட் ஆல்டர்னேட்டரைச் சுற்றினால் போதும். இதில் அதே பெல்ட் இன்ஜினையும் சுற்ற வேண்டியிருப்பதால் இரண்டு பக்கமும் இழுவை வாங்குகிறது. அதனால் வெளிச்சந்தை பெல்ட் வேண்டாம்.

சென்னைப் பதிவெண் என்றாலோ, தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்துக் கார் என்றாலோ 2023 டிசம்பர் வெள்ளத்தை மனதில் வைத்துப் பாருங்கள். லித்தியம் பேட்டரி சீட்டுக்கு அடியில் இருப்பதால் தரை நனைந்தாலே அதற்கு ஆபத்து. இடது சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி, டார்ச் அடித்து ரெயில் போல்ட்டுகளில் துரு இருக்கிறதா, கனெக்டரில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால் சேற்றுக் கோடு தெரிந்துவிடும்; வாஷ் செய்பவர்கள் அதுவரை போவதில்லை. இன்ஷூரன்ஸ் பாலிசியில் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் செய்யாத வருடங்களுக்குத் தரும் தள்ளுபடி) எத்தனை சதவீதம் என்றும் பாருங்கள். ஒரே ஓனர், பாலிசி இடைவெளி விடாமல் புதுப்பிக்கப்பட்டிருக்கிறது, ஆனாலும் போனஸ் பூஜ்யம் என்றால் முந்தைய வருடம் கிளெய்ம் போயிருக்கிறது.

காரின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளைக் காட்டும் ஸ்கேனர் போட்டு எரர் இல்லை என்று வந்தாலும் நின்றுவிடாதீர்கள். எரரை அழித்த பிறகு ஓடிய தூரம் என்று ஒரு அளவு பெரும்பாலான ஸ்கேனர்களில் தெரியும். அது 20, 30 கிலோமீட்டர் என்று இருந்தால் உங்களுக்குக் காட்டுவதற்காக யாரோ இப்போதுதான் அழித்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். நூறு கிலோமீட்டராவது ஓட்டிவிட்டு மறுபடி ஸ்கேன் செய்ய ஒப்புக்கொண்டால் பேச்சைத் தொடருங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

1.3 டீசலில் இதோடு காலை ஸ்டார்ட்டில் டைமிங் செயின் சலசலக்கிறதா, டர்போ ஹோஸில் எண்ணெய் கசிகிறதா என்றும் பாருங்கள். அதை எந்த டீசல் மெக்கானிக்கும் சொல்லிவிடுவார். வெளிமாநிலக் கார் என்றால் படிவம் 28 என்ஓசி (தடையில்லாச் சான்று) கையில் வராமல் பணம் கொடுக்க வேண்டாம். உள்ளூர் காரில் பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 போதும்.

வாங்கிய பிறகு இன்ஜின் அறையை பிரஷர் வாட்டரால் கழுவ விடாதீர்கள். 2021 ரீகாலின்போது தண்ணீர் தேங்கிய இடங்களில் ஓட்ட வேண்டாம், மின் பாகங்களில் நேரடியாகத் தண்ணீர் அடிக்க வேண்டாம் என்று கம்பெனியே கேட்டுக்கொண்டது. வாட்டர் வாஷ் கடையில் சாவியைக் கொடுக்கும்போதே "பானெட் திறக்க வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள்.