ஸ்கிரிப்பூ தேவாலயத்தின் சுவர்கள்

கிரேக்க நாட்டின் பழைய கிராமத் தேவாலயங்கள் பலவற்றின் வயதை, கட்டுமான முறையை ஒப்பிட்டு அறிஞர்கள் கணித்தே சொல்ல வேண்டியிருக்கிறது. அந்நாட்டின் பியோத்தியா வட்டாரத்தில், முன்பு ஸ்கிரிப்பூ என்று வழங்கி இன்று ஒர்கொமெனோஸ் என்ற தொன்மையான பெயரையே மீண்டும் பெற்றுள்ள ஊரின் தேவமாதா கோயிலுக்கு அந்தக் குறை இல்லை. அதன் வெளிச்சுவர்களே அதன் வயதைச் சொல்லிவிடுகின்றன. உலகம் படைக்கப்பட்டதிலிருந்து 6382ஆம் ஆண்டில், பைசாந்தியம் எனப்படும் கிழக்கு ரோமப் பேரரசின் பேரரசர் முதலாம் பசிலியோஸின் காலத்தில், லெயோன் என்ற அரசவை உயரதிகாரி இதைக் கட்டினார் என்கிறது கல்வெட்டு. பைசாந்திய ஆண்டு செப்டம்பரில் பிறப்பதால், அதை நாம் கி.பி. 873-874 என்று எழுதுகிறோம். நடுக் கருவறை தேவமாதாவுக்கும், இருபுறமும் உள்ளவை பேதுருவுக்கும் பவுலுக்கும் உரியவை. இவை தவிர, லெயோனைப் புகழ்ந்து பன்னிரண்டு அடிகளில், ஹோமரின் யாப்பிலேயே அமைந்த மெய்க்கீர்த்தி ஒன்றும் இருக்கிறது. ஒரு கிராமத்துச் சுவரில் அந்தப் பழைய யாப்பைக் காண்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

ஆனால் என்னை அதிகம் ஈர்ப்பவை எழுத்துகளைத் தாங்கும் கற்கள்தாம். எதிரே கி.மு. நான்காம் நூற்றாண்டின் அரங்கம் இருக்கிறது. இந்த ஊரில்தான் காரித்தெஸ் என்னும் அழகுத் தேவியரின் புகழ்பெற்ற வழிபாட்டிடமும் இருந்தது. பழைய கட்டடங்களின் பெருங்கற்களைக் கொண்டே லெயோனின் கொத்தர்கள் சுவர் எழுப்பினார்கள். தூண்களின் உருளைத் துண்டுகளைப் படுக்கவைத்து அடுக்கியதால், அவற்றின் வட்ட முகங்கள் சுவரில் வரிசையாகத் தெரிகின்றன. இதைக் கொள்ளை என்று சிலர் சொல்லக்கூடும். அந்த வட்டங்களை மறைக்காமல் விட்டவர்களுக்குப் பழங்கல்லின் மேல் மதிப்பு இருந்தது என்றே நான் நினைக்கிறேன்.

உள்ளே சிலுவை வடிவத் தளமும் நடுவில் குவிமாடமும் அமைந்துள்ளன. குவிமாடத்தின் பளுவைத் தாங்கும் தடித்த சுவர்கள் நடுக்கூடத்தையும் பக்கக்கூடங்களையும் ஏறக்குறைய தனித்தனி அறைகளாகப் பிரித்துவிடுகின்றன. இதே பியோத்தியாவில், அடுத்த நூற்றாண்டில் எழுந்த ஓசியோஸ் லூக்காஸ் மடத்தின் தேவமாதா கோயிலிலோ, நான்கே தூண்கள் குவிமாடத்தை ஏந்தி நிற்க, உள்வெளி முழுதும் ஒன்றாகத் திறந்துகொள்கிறது. கட்டடக்கலையில் அது தேர்ந்த படைப்பு என்பதில் ஐயமில்லை. இருந்தும், மேலே எழும்பும் பளுவை எப்படித் தாங்குவது என்று கொத்தர்கள் இன்னும் எச்சரிக்கையோடு எண்ணிக்கொண்டிருந்ததைக் காட்டும் ஸ்கிரிப்பூவின் அந்தத் தடித்த சுவர்களே எனக்கு நெருக்கமானவை.