அட்டைப்பெட்டி வாசல்

"செருப்பு, செருப்பு" என்று சைகை காட்டிச் சிரித்தார் ஒரு அக்கா. தெரியாமல் அட்டைப்பெட்டியை மிதிக்கப் போயிருந்தேன். அவருக்கு அதுதான் வீட்டு வாசல்.

ஹாங்காங்கின் சென்ட்ரல் பகுதி, ஞாயிற்றுக்கிழமை. வங்கிக் கட்டடத்துக்கு அடியில் அட்டையை விரித்து உட்கார்ந்திருந்தார்கள் பிலிப்பைன்ஸ் பணிப்பெண்கள். சோறு, சீட்டுக்கட்டு, ஊருக்கு அனுப்பப் பாதி கட்டிய பெட்டி.

ஒரு அட்டையில் மட்டும் சீட்டாட்டம் இல்லை. பணிப்பெண்கள் சங்கத்துப் பெண்மணி ஒருவர் வேலை ஒப்பந்தத்தை மடியில் வைத்து வரி வரியாக விரலை ஓட்டிக்கொண்டிருந்தார். எதிரே இருந்த சின்னப் பெண்ணுக்கு வேலை போய்விட்டது போல.

ஒப்பந்தம் முறிந்தால் இங்கே இரண்டே வாரம்தான், அப்புறம் கிளம்ப வேண்டும். 1987லிருந்து இதுதான் விதி. முதலாளி வீட்டில்தான் தங்க வேண்டும் என்பதும் விதி. அதனால் வேலையோடு கூரையும் போய்விடும். அப்படி வருகிறவர்களுக்காகவே 1986 முதல் பெத்யூன் ஹவுஸ் என்று ஒரு புகலிடம் இருக்கிறது.

சங்கம் நடத்துகிறவர்களும் வாரத்தில் ஆறு நாள் அடுத்தவர் வீட்டில் பாத்திரம் கழுவுகிறவர்கள்தான். இருக்கிற ஒரே லீவு இதற்குப் போகிறது. எனக்கெல்லாம் ஞாயிறு என்றால் மதியத் தூக்கம்.

திரும்பி வரும்போது அந்தப் பெண் தானே விரல் வைத்து வாசித்துக்கொண்டிருந்தாள். யாரோ பக்கத்தில் ஒரு தட்டுச் சோற்றை நகர்த்தி வைத்தார்கள்.