நார்வே முன்னோரைத் தேடுகிறவர்களுக்கு

குடும்பப் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் சீக்கிரமே முட்டுச்சந்தில் நிற்பீர்கள். ஹான்ஸின் மகன் ஓலே என்றால் ஓலே ஹான்சென். அவர் மகன் பேடர் ஓல்சென், மகள் மாரித் ஓல்ஸ்டாட்டர். கல்யாணமானாலும் மாரித் பழைய பெயரிலேயே பதிவாகியிருப்பார். இனிஷியல் போட்டுப் பழகிய நமக்கு இது உடனே புரியும். நிலையான குடும்பப் பெயர் கட்டாயமானது 1923 சட்டத்துக்குப் பிறகுதான்.

கடைசியில் ஒட்டிவரும் ஹௌகன், பக்கன் எல்லாம் பண்ணைப் பெயர்கள், கிட்டத்தட்ட முகவரி. ஆள் குடிமாறினால் அதுவும் மாறும். பிறப்பில் ஒன்று, திருமணத்தில் வேறொன்று. ஹௌகன் பண்ணைகளோ நாடு முழுக்க. அதனால் எந்தத் திருச்சபை வட்டாரம் என்று தெரியாமல் இறங்காதீர்கள். அமெரிக்காவுக்குப் போனவர்களுக்கு அங்குள்ள லூத்தரன் சர்ச் பதிவேட்டில் அது கிடைக்க வாய்ப்புண்டு.

பிறகு தேசிய ஆவணக் காப்பகத்தின் 'டிஜிட்டல்ஆர்க்கிவெட்' தளம், இலவசம். 1910, 1900, 1875, 1865 என்று மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் பின்னோக்கிப் போங்கள். 1865இல் எழுதியிருப்பது நடப்பு வயது. 30 என்றால் 29 முடிந்தவர். இதைக் கவனிக்காமல் ஒரு வருடம் தள்ளித் தேடுகிறவர்கள் நிறைய.

பழைய ஞானஸ்நானப் பதிவுகளில் பெரும்பாலும் தேதிக்குப் பதில் 'திரித்துவத்துக்குப் பின் 3ஆம் ஞாயிறு' என்றிருக்கும். திரித்துவம் என்பது ஈஸ்டருக்கு எட்டு வாரம் கழித்து வரும் திருநாள் ஞாயிறு. அந்த வருட ஈஸ்டர் தேதியிலிருந்து கணக்கிட வேண்டும். ஞானப்பெற்றோர் (ஞானஸ்நானத்தின்போது குழந்தைக்குப் பொறுப்பேற்பவர்கள்) பெயர்களையும் விடாமல் குறித்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் சொந்தக்காரர்கள்தான். ஒரே வட்டாரத்தில் மூன்று ஓலே ஹான்சென் இருந்தால் ஆளைப் பிரித்துக் காட்டுவது அந்த வரிதான்.