நம்பர் லாக் பஸில்: "எதுவுமே சரியில்ல" க்ளூவ கொஞ்ச நேரம் ஓரமா வைங்க

வாட்ஸப்புல அடிக்கடி சுத்துமே, ஒரு பூட்டு படம், பக்கத்துல அஞ்சு வரி நம்பர், "ஜீனியஸால மட்டும்தான் திறக்க முடியும்"னு ஒரு பில்டப்பு. அந்த டைப் பஸில் பத்திதான் இந்த போஸ்ட். ஜீனியஸ்லாம் ஒண்ணும் வேணாம், ஒரு பேப்பர் பேனா போதும். ஆனா எல்லாரும் போற ரூட் ஒண்ணு இருக்கு, "எந்த நம்பரும் சரியில்ல"ன்னு ஒரு க்ளூ வருமே, அத முதல்ல தேடிப் புடிச்சு அந்த நம்பரயெல்லாம் அடிச்சுட்டு அப்புறம் மேல இருந்து ஒவ்வொண்ணா உருட்டிட்டு வர்றது. பதில் வந்துடும், இல்லன்னு சொல்லல. ஆனா பஸில்ல இருக்குற அழகான இடத்த பாக்காமயே தாண்டிப் போயிடுவோம்.

இதுக்குன்னே ஒண்ணு செஞ்சேன். மூணு நம்பர் கோட், ஒரே நம்பர் ரெண்டு தடவ வராது.

527 – ஒண்ணு சரி, ஆனா இடம் தப்பு
842 – ஒண்ணு சரி, இடமும் சரி
159 – ரெண்டு சரி, ரெண்டுமே இடம் தப்பு
473 – எதுவுமே சரியில்ல
691 – ஒண்ணு சரி, ஆனா இடம் தப்பு

நீங்களே போட்டுப் பாக்கணும்னா இங்கயே ஸ்க்ரோல நிறுத்திக்கோங்க, கீழ முழுசா உடைக்கப் போறேன்.

முதல்ல ஒரு விஷயம். "ஒண்ணு சரி"ன்னா ஒண்ணே ஒண்ணுதான் சரி, மீதி ரெண்டும் கோட்ல கிடையவே கிடையாதுன்னு அர்த்தம். நிறைய பேர் சரியான நம்பர் எதுன்னு மட்டும் தேடுவாங்க, ஆனா அந்த "மீதி ரெண்டும் கிடையாது"ங்கறதுலதான் பாதி சரக்கு இருக்கு.

இப்ப 159ஐயும் 691ஐயும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. ரெண்டுலயும் 1ம் 9ம் இருக்கு. 159ல ரெண்டு நம்பர் சரி, 691ல ஒண்ணுதான் சரி. 1, 9 ரெண்டுமே கோட்ல இருந்தா 691ல ரெண்டு சரின்னு வந்திருக்கணும், வரல. அப்ப 1ம் 9ம் சேந்து இருக்க முடியாது, அப்படின்னா 159ல சரியான அந்த ரெண்டுல ஒண்ணு கண்டிப்பா 5. வேற எந்த க்ளூவையும் தொடல, 473 பக்கமே போகல, ஒரு நம்பர் கைல வந்தாச்சு.

அப்புறம் எல்லாம் கடகடன்னு விழும். 527ல 5 முதல் இடத்துல இருக்கு, தப்பு. 159ல நடுவுல இருக்கு, அதுவும் தப்பு. அப்ப 5 கடைசில. 527ல ஒண்ணுதான் சரி, அது 5ன்னு ஆயிடுச்சு, 2ம் 7ம் காலி. 842ல 2 போயிடுச்சுன்னா மிச்சம் 8 இல்லன்னா 4, இப்பதான் 473 வேலைக்கு வருது, 4ஐ தூக்கிடும். 8 இடமும் சரி, அதனால முதல்ல 8. நடுவுல 1ஆ 9ஆ? 691ல 9 நடுவுலதான் இருக்கு, இடம் தப்புன்னு சொல்லியாச்சு, அப்ப 9 இல்ல. கோட் 815.

(ஒரே நம்பர் திரும்ப வராதுன்னு நான் சொன்னது கூட இதுல தேவையே இல்ல, மூணு இடத்துக்கும் மூணு வேற வேற நம்பர் தானா வந்து உக்காந்துடுச்சு. ஆனா சில பஸில்ல இத சொல்லாம விட்டுட்டு பதில் மட்டும் ஒண்ணுதான்னு அடிச்சு விடுவாங்க, அது ரொம்ப கடுப்பு.)

இப்ப எண்ணிப் பாப்போம், இதுதான் எனக்கு புடிச்ச பார்ட். நம்பர் திரும்ப வராத கோட் மொத்தம் 10 × 9 × 8 = 720. எல்லாரும் ஓடிப் போய் புடிக்கிற 473 க்ளூ மட்டும் கைல இருந்தா மிச்சம் 7 × 6 × 5 = 210. 842, அதாவது ஒண்ணு சரி இடமும் சரி, அது மட்டும் தனியா இருந்தா 720ஐ 126 ஆக்கிடும். 159 மாதிரி ரெண்டு சரி, இடம் தப்புன்னு வர்றது இருக்கே, அது வெறும் 63. ரெண்டு நம்பர தேர்ந்தெடுக்க 3 வழி, அத தப்பான இடமா உக்கார வைக்க 3 வழி, காலியா இருக்குற இடத்துக்கு 7 நம்பர், 3 × 3 × 7. இருக்கறதுலயே வீக்கான க்ளூ 527, 691 மாதிரி "ஒண்ணு சரி இடம் தப்பு" டைப், தனியா பாத்தா 252 மிச்சம் இருக்கும்.

ஆனா அந்த வீக்கான 691ஐ 159 கூட சேத்தா 720ல 18தான் நிக்கும். பலமானதா தெரியுற 473ஐ 159 கூட சேத்தா 36. ரெண்டு க்ளூலயும் நம்பர் பொதுவா இருந்து எண்ணிக்கை ஒத்துப் போகலன்னா அங்க மோதல் வரும், அந்த மோதல்தான் வேலைய முடிக்குது.

நியாயமா சொல்லணும்னா, 842ஐயும் 159ஐயும் சேத்தா இன்னும் கம்மி, ஒன்பதுதான் மிஞ்சும்: 815, 891, 895, 541, 941, 945, 512, 912, 592. ஒரு ப்ரோக்ராம் எழுதுனா அது சந்தோஷமா இந்தப் பக்கம் போகும். மனுஷனுக்கு அந்த ஒன்பத விட "5 கண்டிப்பா இருக்கு"ங்கற ஒரு வரி மேல்னு நான் சொல்லுவேன், ஏன்னா லிஸ்ட் போட வேண்டியதில்ல, மண்டைலயே வச்சு நகத்தலாம்.

மிச்சத்த எண்ணுற அந்த வழி ஒண்ணும் சும்மா இல்ல. மாஸ்டர்மைண்ட்னு ஒரு போர்டு கேம், ஒருத்தர் கலர் கோட் ஒண்ண மறைச்சு வைப்பார், இன்னொருத்தர் கெஸ் பண்ணணும், ஒவ்வொரு கெஸ்ஸுக்கும் எத்தன சரி, எத்தன இடம் தப்புன்னு பதில் வரும். நாலு இடம், ஆறு கலர், மொத்தம் 1296 கோட். 1977ல டொனால்ட் க்னூத்ங்கற கம்ப்யூட்டர் சயின்டிஸ்ட் எந்தக் கோடா இருந்தாலும் அஞ்சு கெஸ்ஸுக்குள்ள கண்டுபுடிச்சுடலாம்னு காட்டுனார். ஒவ்வொரு தடவையும் எவ்வளவு மோசமான பதில் வந்தாலும் மிச்சம் எதுல கம்மியோ அந்த கெஸ்ஸ போடணும், அவ்வளவுதான் ஐடியா. ஆனா அங்க கெஸ் நம்ம இஷ்டம். இந்த பூட்டு பஸில்ல வேற யாரோ போட்ட கெஸ்ஸ வச்சுத்தான் நாம ஓட்டணும்.

சரி, சொந்தமா செய்யணும்னா? கோட முதல்ல முடிவு பண்ணிட்டு க்ளூ எழுதுங்க, அப்புறம் ஒவ்வொரு க்ளூவா மறைச்சுப் பாருங்க, மறைச்சும் பதில் ஒண்ணே ஒண்ணுதான் வருதுன்னா அந்த க்ளூ தண்டம். மேல இருக்கறதுல 473ஐ மறைச்சா 945ம் உள்ள வந்துடும், அந்த க்ளூல உண்மைலயே வேலை செய்யறது 4 மட்டும்தான், 7ம் 3ம் சும்மா ஒப்புக்கு நிக்குது. 527ஐ மறைச்சா 512 சேரும். 691ஐ மறைச்சா 895, 912 ரெண்டும் சேரும். 842ஐ மறைச்சா 815 கூட 015, 905, 985. 159ஐ எடுத்துட்டா மொத்தம் எட்டு பதில் வரும், மீதி ஏழு எதுன்னு நீங்களே எழுதிப் பாருங்க, நான் போடல.