அந்த 16 மில்லிமீட்டர்

எங்கள் தெருவின் அகலம் எவ்வளவு என்று 2018 அக்டோபர் வரை கீழக்கரையில் ஒருவரும் கேட்டதில்லை. ஆட்டோ போகும். ஆம்னி வேன் போகும். கல்யாண வீட்டுக்குத் தேக்சா ஏற்றி வரும் குட்டியானை, இரண்டு பக்க வீடுகளிலும் திட்டு வாங்கிக்கொண்டே போகும். அதற்கு மேல் பெரிதாக எதுவும் உள்ளே வர ஆசைப்பட்டதில்லை. பாரிஸில் ஒரு மோட்டார் ஷோ நடந்ததும்தான் எங்கள் தெருவுக்கு டேப் வந்தது.

எல்லாவற்றுக்கும் துபாய் காக்காதான் காரணம். காக்கா என்றால் எங்கள் ஊரில் அண்ணன். எனக்குச் சொந்த அண்ணன் இல்லை இவர், தெருவுக்கே காக்கா. "பிஎம்டபிள்யூ புது 3 சீரிஸ் இந்தியாவுக்கு வரட்டும், மொத வண்டி நம்ம தெருவுலதான் நிக்கும்" என்று ஒருநாள் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் வாய்ஸ் போட்டார். துபாயிலேயே வாங்கி ஓட்டலாமே காக்கா என்று கேட்டோம். "இங்க ஓட்டுனா யாருடா பார்ப்பா?" என்றார். மறுக்க முடியாத வாதம்.

என் செல்போன் கடை வாசலில் இஷா தொழுகைக்குப் பிறகு ஒரு கூட்டம் கூடும். இன்ஜினியரிங் படிக்கும் தம்பி ஒருவன். ராமநாதபுரம் ரோட்டில் பொலிரோவையும் டாடா ஏஸையும் பிரித்து மேயும் மெக்கானிக் மச்சான். பரமக்குடியிலிருந்து மாற்றலாகி வந்த பேங்க் சார். அவர் பென்ஸ் கட்சி. பிறகு நான். இந்தக் கூட்டத்தில் யாருக்கும் சொந்தக் கார் கிடையாது. மச்சானிடம் மட்டும் அடுத்தவர் கார்கள் எப்போதும் நாலைந்து நிற்கும்.

கார் வெளியாகும் முன்னால் காத்திருந்த அந்த மாதங்கள்தான் உண்மையிலேயே நல்ல காலம். டெஸ்ட் ஓட்டத்தில் இருக்கும் வண்டிக்கு உடம்பெல்லாம் கறுப்பு வெள்ளைச் சுழி போட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். எங்கே வளைவு, எங்கே மடிப்பு என்று கண்ணுக்குப் பிடிபடக் கூடாது என்பதற்காக. ஜெர்மனியில் நூர்பர்க்ரிங் ரேஸ் டிராக் பக்கம் யாரோ ஒளிந்திருந்து எடுத்த அந்தப் படங்களைத் தம்பி பெரிதாக்கிப் பெரிதாக்கிக் காட்டுவான். பெரிதாக்கினால் சுழிதான் பெரிதாகும். ஆனாலும் அதில் ஹெட்லைட்டின் கீழ்விளிம்பு வெட்டியிருக்கிறதா இல்லையா என்று ராத்திரி பதினோரு மணி வரை சண்டை நடக்கும். பிஎம்டபிள்யூ மூக்கில் சிறுநீரகம் மாதிரி ஜோடியாக இருக்கும் கிட்னி கிரில் பெரிசாகுமா சின்னதாகுமா என்று இன்னொரு சண்டை. 1933இல் 303 என்ற காரில் ஆரம்பித்த அந்த இரட்டைச் சிறுநீரகத்தை இதற்கு மேல் வளர விட்டால் டயாலிசிஸ்தான் என்பது பேங்க் சாரின் கருத்து.

அக்டோபர் 2ஆம் தேதி பாரிஸில் திரை விலகியது. ஏழாம் தலைமுறை 3 சீரிஸ். இரண்டு கிட்னியும் நடுவில் ஒட்டிக்கொண்டிருந்தன. ஹெட்லைட்டின் கீழே வெட்டு இருந்தது, தம்பி ஜெயித்தான். ஆனால் பின்பக்க விளக்கைப் பார்த்ததும் கடை வாசலில் ஒரு அமைதி. "லெக்ஸஸ் மாதிரி இருக்கே மச்சான்?" என்று தம்பி மெதுவாகச் சொன்னான். சார் அன்றைக்கு எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டு அதற்கு முன் பார்த்ததில்லை.

மறுநாள் காலையில் துபாயிலிருந்து தீர்ப்பு வந்தது: "நேர்ல பார்த்தா நல்லா இருக்கும்." பெண் போட்டோ பார்த்த மாப்பிள்ளை வீட்டார் சொல்லும் அதே வாக்கியம். அது வந்துவிட்டால் சம்பந்தம் முடிந்த மாதிரி.

அப்புறம்தான் அளவுகளைப் படித்தோம். எடை 55 கிலோ வரை குறைவு. 320டி டீசல் மாடலில் காற்றுத் தடைக் குணகம் 0.23, குறையக் குறைய நல்லது. பானெட் அலுமினியம் என்றதும் மச்சான் நிமிர்ந்து உட்கார்ந்தான். கடற்கரை ஊரில் மெக்கானிக்காக இருப்பவனுக்குக் குதிரைசக்தியைவிடத் துருதான் முக்கியம். "அலுமினியத்துல சிவப்புத் துரு ஏறாது. ஆனா உப்புக்காத்து அதையும் வேற விதமா அரிக்கும்" என்று பாதி மகிழ்ச்சியும் பாதி மிரட்டலுமாகச் சொன்னான். வீல்பேஸ், அதாவது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவிலான தூரம், 41 மில்லிமீட்டர் கூடுதல். முன்சக்கரங்களுக்கு நடுவிலான தூரம் 43 மில்லிமீட்டர் கூடுதல், வளைவில் வண்டி ஆட்டம் காணாமல் நிற்பதற்கு. மொத்த அகலம் 1,827. பழைய மாடலைவிட 16 மில்லிமீட்டர் அதிகம்.

"நம்ம தெரு எவ்வளவு அகலம்?" என்றான் தம்பி.

கொத்தனாரிடம் டேப் வாங்கிக்கொண்டு போனோம். காக்கா வீட்டுக்குப் போகும் வழியில் ஆக இடுக்கமான இடம், ஒரு மாமியின் வாசற்படிக்கும் எதிர்வீட்டுச் சுவருக்கும் நடுவில். பிடித்துப் பார்த்தால் சரியாக ஆறு அடி. தம்பி போனில் கணக்குப் போட்டான். 1,829 மில்லிமீட்டர்கூட முழுசாக இல்லை.

"போகும்!" என்றான்.

"எவ்வளவு மிச்சம்?"

"ரெண்டு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி."

"ரெண்டு பக்கமும் சேர்த்தா, ஒரு பக்கத்துக்கா?" என்றார் சார். சேர்த்துத்தான். "அப்ப சுவத்துக்கு இன்னொரு கோட்டு வெள்ளை அடிச்சா வண்டி வெளியவே நிக்கும்" என்றார். பென்ஸ் கட்சிக்காரர்கள் இப்படித்தான், புள்ளிவிவரத்தில் அடிப்பார்கள். பழைய மாடலாக இருந்தால் 18 மில்லிமீட்டர் இருந்திருக்கும், தாராளமாகப் போயிருக்கும் என்று மச்சான் உண்மையாகவே வருத்தப்பட்டான். ஜெர்மனியில் யாரோ ஒரு இன்ஜினியர் வளைவில் நிலைத்து நிற்பதைப் பற்றி யோசித்திருக்கிறார், மாமியின் படியைப் பற்றி யோசிக்கவில்லை.

கணக்கை நம்பாமல் ஒத்திகை பார்ப்பது என்று முடிவானது. ஏர்வாடிப் பக்கம் நாட்டுப்படகு வேலை செய்யும் ஓடாவி ஒருவரைப் பிடித்தோம். காரின் நீள அகலத்துக்கு ஒரு மரச்சட்டம், அடியில் கார் வயிற்றின் உயரத்துக்கு ஒரு பலகை. நீளம் 4,709 என்று தாளில் எழுதிக் கொடுத்தோம். அவர் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"அணியம் எந்தப் பக்கம்?"

படகின் முன்முனையைத்தான் அப்படிக் கேட்டார். கிட்னியைக் காட்டினோம்.

"இவ்வளவு மொட்டையாவா? எப்படி வெட்டிக்கிட்டுப் போகும்?"

தம்பி 0.23 பற்றிச் சொன்னான். காற்று எப்படி கூரைமேல் வழுக்கிப் போகிறது என்று கையால் காட்டினான். "காத்துதானே தம்பி. தண்ணியில விட்டுப் பாரு, அப்பத் தெரியும்" என்று ஓடாவி முடித்துவிட்டார். பலகை தரையிலிருந்து ஒரு சாண்கூட இல்லை என்பதைப் பார்த்ததும், "இது கரையேறாது" என்றார். வேலையை மட்டும் சுத்தமாகச் செய்தார். மூலைகளை வள்ளத்துக்குப் போடுவது போலவே இழைத்திருந்தார். கூலியும் வள்ளத்துக்குப் போடுவது போலவே.

வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு, ஆறு பையன்கள் சட்டத்தைத் தோளில் ஏற்றினார்கள். பாதி வழி தோளில் கொண்டுபோய், தெரு முனையில் இறக்கி இடுப்பளவில் பிடித்துப் போவது திட்டம். முதல் தெருவில் திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் சட்டென்று எழுந்து தொப்பியைச் சரிசெய்தார். தோளில் நீளமாக மரச்சட்டம், பின்னால் அமைதியாக ஒரு கூட்டம். அவர் என்ன நினைத்திருப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

"யாருப்பா?" என்றார் தழுதழுத்த குரலில்.

"3 சீரிஸ், பெரியப்பா" என்றான் தம்பி.

"எந்த வீடு?"

விளக்குவதற்குள் இன்னும் மூன்று பேர் சேர்ந்து தோள் கொடுத்துவிட்டார்கள்.

வேகத்தடையில் முதல் தோல்வி. இந்தியச் சாலைக் காங்கிரஸ் வேகத்தடைக்கு விதி வைத்திருக்கிறது: உயரம் 10 செண்டிமீட்டர், அந்த உயரத்துக்கு ஏறி இறங்க 3.7 மீட்டர் அகலம். எங்கள் பக்கத்தில் உயரத்தைத் தாராளமாகவும் அகலத்தை ஒரு மண்வெட்டி அளவிலும் எடுத்துக்கொள்வது வழக்கம். பலகை நட்டநடு வயிற்றில் உட்கார்ந்துகொண்டது. "சாய்ச்சு ஏத்தணும்" என்றான் மச்சான். சாய்த்து ஏற்றினார்கள். பலகையின் அடியில் விழுந்த கீறலைப் போட்டோ எடுத்து காக்காவுக்கு அனுப்பினோம். "என்னடா, இன்னும் வாங்கவே இல்ல, அதுக்குள்ள ஸ்கிராட்ச்சா?" என்று பதில் வந்தது.

மாமி வீட்டுப் படியில் தெருவே கூடிவிட்டது. தம்பி முன்னால் நின்று லெப்ட், ரைட் என்று கத்தினான். சட்டம் உரசவில்லை, இரண்டு பக்கமும் தொட்டுக்கொண்டே, சத்தம் போடாமல் நுழைந்தது. கைதட்டல், விசில். அந்த நேரத்தில் எதிரே டிவிஎஸ் எக்ஸெல்லில் மீன்காரர். இரண்டு பக்கமும் பெட்டி கட்டிக்கொண்டு தினமும் அந்த இடுக்கில் போய் வருகிறவர். வண்டியை நிறுத்தி, சட்டத்தை முன்னும் பின்னும் பார்த்தார்.

"காரு சரி. காது எங்க?"

யாருக்கும் புரியவில்லை. அவர் தன் வண்டியின் சைடு கண்ணாடியைத் தட்டிக் காட்டினார்.

1,827 என்பது கண்ணாடி நீங்கலான அகலம். பாரிஸிலிருந்து கீழக்கரை வரை இத்தனை பேர் படித்தும் அந்தச் சின்ன எழுத்து ஒருவர் கண்ணிலும் படவில்லை. கண்ணாடியை மடக்கினாலும் எதிர்ச்சுவர் விடாது. மீன்காரர் அதோடு நிற்கவில்லை: "உள்ள போனப்புறம் கதவை எப்படித் தொறப்பீய?" அன்று நகரை மீன் வாங்காதவர்கள்கூட அவரிடம் வாங்கினார்கள், மரியாதைக்காக.

வழி ஒன்றுதான் இருந்தது. மாமியிடம் போனோம். படியில் ஒரு சாண் எடுத்தால் போதும், செலவு எங்களுடையது. மாமி முழுவதும் கேட்டுவிட்டு ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். வண்டி வந்ததும் முதல் ரவுண்டு அவருக்கு. ஏர்வாடி தர்கா வரை, முன்சீட்டில், ஏசி போட்டு. காக்கா துபாயிலிருந்து வாய்ஸில் வாக்குக் கொடுத்தார். படி இடிந்தது.

அடுத்த மாதங்களில் தெருவே கார் படித்தது. ரன்ஃப்ளாட் டயரில் காற்றே இல்லாவிட்டாலும் 80 கிலோமீட்டர் வேகத்தில் கொஞ்ச தூரம் ஓட்டலாம் என்பதைக் கேட்டு பஞ்சர் கடைக்காரர் முகம் வாடினார். எனக்குப் பிடித்தது ரிவர்சிங் அசிஸ்டென்ட். மெதுவாக வந்த பாதையில் கடைசி 50 மீட்டரை வண்டி நினைவு வைத்துக்கொண்டு, அதே தடத்தில் தானே ஸ்டியரிங் திருப்பிப் பின்னால் போகும். எங்கள் தெருவுக்காகவே செய்தது. ஆனால் ரோட்டிலிருந்து காக்கா வீடு எப்படியும் எண்பது மீட்டர் இருக்கும். "ஐம்பது மீட்டர் வண்டி பார்த்துக்கும், மீதிக்கு மீன்காரரைக் கூப்பிடுங்க" என்றார் சார்.

2019 ஆகஸ்டில் கார் இந்தியாவுக்கு வந்தது. செங்கல்பட்டு பக்கம் மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் இருக்கும் ஆலையிலேயே பாகங்களைப் பூட்டிச் சேர்க்கிறார்கள் என்றதும், வீட்டுப் பிள்ளை என்று எங்களுக்கு இன்னும் உரிமை கூடிவிட்டது. விலை நாற்பது லட்சத்துக்கு மேல். காக்கா லீவில் வந்தார். மதுரை ஏர்போர்ட்டிலிருந்து வாடகை இன்னோவாவில். இன்னோவா 1,830. படி இடிந்த பிறகும் டிரைவர் துணியவில்லை, அது தெரு முனையிலேயே நின்றுவிட்டது.

அவர் வீட்டு வாசலில் சட்டம் தயாராக இருந்தது. உள்ளே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டோம். காக்கா உட்கார்ந்து, இல்லாத ஸ்டியரிங்கை ஒரு தடவை திருப்பினார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

"மேனுவல் கியர் வருதாடா?"

"இல்ல காக்கா. எட்டு கியர் ஆட்டோமேட்டிக் மட்டும்தான்."

"அதான் பார்த்தேன்" என்று எழுந்துவிட்டார். "டிரைவிங் ஃபீலே போச்சு. அடுத்த டிசைன் வரட்டும்."

துபாயில் அவர் ஓட்டுவது ஆட்டோமேட்டிக் கொரோலா என்பதை நாங்கள் யாரும் எடுத்துச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தவர் அல்லவா.

2021 ஜனவரியில் அதே 3 சீரிஸின் நீளமான வடிவம், கிரான் லிமோசின் வந்தது. வீல்பேஸில் 110 மில்லிமீட்டர் கூடுதல், பின்சீட்டில் கால் நீட்டலாம். குரூப்பில் மறுபடி உயிர் வந்தது. ஓடாவியிடம் சட்டத்தை நீட்டச் சொன்னோம். மூலை வளைவில் கரண்ட் கம்பத்தோடு மாட்டிக்கொண்டு, எடுக்க ஒரு ராத்திரி ஆனது. 2023 செப்டம்பரில் மியூனிக்கில் விஷன் நோயெ கிளாஸெ என்று ஒரு மின்சார மாதிரியைக் காட்டினார்கள். கிட்னி படுத்துக்கொண்டது. தம்பி இப்போது ஓசூரில் வேலையில் இருக்கிறான். அங்கிருந்தே பெரிதாக்கிப் பெரிதாக்கி அனுப்பிக்கொண்டிருந்தான். "நேர்ல பார்த்தா நல்லா இருக்கும்" என்று துபாயிலிருந்து வந்தது.

அன்று ராத்திரியே, யாரோ சேர்த்துவிட்டிருக்க வேண்டும், குரூப்பில் மாமியின் குரல் வந்தது. சத்தமாக, நிதானமாக:

"தம்பி, வண்டி வர்றப்ப வரட்டும். எம் படியை மொதல்ல கட்டிக் குடு. கட்டுறப்ப பழைய அளவுக்கு வேணாம், ஒரு சாண் கூட்டியே கட்டச் சொல்லு."